நான்கு கதவுகளையும் பாருங்கள்

நெய்வேலிச் சுரங்கத்தில் நீரேற்றிகளுக்கு ஓய்வில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை அல்லும் பகலும் இறைத்தால்தான் மேலே கரி வெட்ட இயலும். அங்குப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியோர்களுக்கு இதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாறே ஓய்வறியாத நீரேற்றி ஒன்று நம் மார்புக்குள்ளும் இயங்குகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கும் இதயத்தில், குருதி பின்வாங்காது ஒரே திசையில் செல்லும்படி 4 வால்வுகள் கதவுகளாக நின்று காக்கின்றன.

இவற்றுள் ஒன்று பழுதுற்றால் மற்றொன்றும் பழுதுற்றிருக்கக்கூடும். இளமையில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், மைட்ரல், அயோர்டிக் ஆகிய இரு வால்வுகளையும் ஒருங்கே கெடுப்பது உண்டு. முதுமையில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து அயோர்டிக் வால்வு இறுகினால், இடது கீழறையின் சுமை மிகுந்து மைட்ரல் வால்வில் கசிவு தோன்றலாம். மைட்ரல் கோளாறு நாட்பட்டால், அந்தச் சுமை நுரையீரல் வழியே வலப்புறம் ஏறி, டிரைகஸ்பிட் வால்வின் வளையத்தை விரித்துவிடும். கால் வீக்கம் அதன் ஓர் அறிகுறி.

ஒரு குறை மற்றொன்றை மறைப்பதும் உண்டு. மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கினால், அயோர்டிக் வால்வுக்கு வந்து சேரும் குருதியே குறைந்துவிடும். ஆகவே அங்குள்ள சுருக்கம் சோதனையில் சிறியதாகத் தோன்றும்.

எனவே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன், "மற்ற மூன்று வால்வுகளும் எவ்வாறு உள்ளன?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமென்பதில்லை. அயோர்டிக் வால்வைச் சீராக்கியபின் மைட்ரல் கசிவு தானே குறைவதும் உண்டு. விரிந்துபோன டிரைகஸ்பிட் வளையமோ தானே சுருங்கும் என்று நம்பியிருக்க இயலாது. அதே வேளையில் வளையம் பொருத்திச் சீர்செய்வதே நன்று என்று மருத்துவர் கருதலாம். விட்டுவிட்டால், பின்னர் முதிர்ந்த வயதில் மீண்டும் மார்பைத் திறப்பது பேரிடர்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 முதல் நம் நாட்டில் பொருத்தப்பட்டு வருகிறது. இத்தகைய உலோக வால்வு பொருத்தியவர்கள், குருதி உறையாதிருக்கத் தரப்படும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். ஏகாதசி, பிரதோஷ விரதமானாலும் அதை நிறுத்தலாகாது. கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இன்றியும் உண்பது மருந்தின் அளவைக் குலைக்கும்; சீராக உண்க. பல் பிடுங்கும் முன் வால்வு பொருத்தியிருப்பதைப் பல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் நெஞ்சினுள்ளே ஆலயம் எழுப்பியபோது, அடித்தளம் முதல் திருக்குளம் வரை ஒன்றையும் விடவில்லை. நெஞ்சைச் செப்பனிடும் வேளையில் நாமும் ஒரு கதவோடு நின்றுவிடலாகாது.