கொக்கு வந்தது, குருவி போனது

லண்டனில் கொக்கு இருக்கிறது என்று சொன்னால் இன்னமும் பலர் நம்புவதில்லை. "அது ஊரில வயலுக்குள்ள நிக்கிறதெல்லே, இங்க என்னண்டு?" என்று கேட்பார்கள். விக்டோரியா லைனில் ரொட்டன்ஹாம் ஹேலில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் வோல்தம்ஸ்ரோ வெட்லண்ட்ஸ். லண்டனுக்குக் குடிதண்ணீர் தருகிற பத்து நீர்த்தேக்கங்கள். 2017 ஒக்டோபரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கரையோரம் நிற்கிற வெள்ளைக் கொக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்தப் பாதத்தால் சேற்றைக் கலக்கி, வெருண்டு ஓடுகிற மீனைக் கொத்தும். தொண்டைமானாற்றுக் கடலேரியில் நிற்கிற சின்னக் கொக்கும் இதுவும் ஒரே இனம்தான்.

ஆனால் இது எங்களைப் போல ஊரிலிருந்து வரவில்லை, பிரான்சிலிருந்து வந்தது. நூறு வருடத்துக்கு மேல் முன்பு சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு வேண்டுமென்று ஐரோப்பா முழுக்கக் கொக்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அதைப் பொறுக்காத பெண்கள் 1889இல் மான்செஸ்டர் பக்கத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். எங்கட ஆட்கள் இப்போது நிறைந்திருக்கிற குரொய்டனில் கூடிய இன்னொரு பெண்கள் குழுவும் பிறகு அதோடு சேர்ந்தது. இன்றைய ஆர்.எஸ்.பி.பி அதுதான்.

வேட்டை நின்றதும் கொக்கு மெல்ல மெல்ல வடக்கே ஏறியது. 1989இல் தென் இங்கிலாந்துக் கரையில் பெருந்தொகையாக வந்து இறங்கியது. 1996இல் டோர்செட்டின் பிரவுன்சீ தீவில் முதல் குஞ்சு பொரித்தது. ஆழமில்லாத தண்ணீர் உறைந்தால் கொக்குக்குச் சாப்பாடு இல்லை, அதனால் கடுங்குளிர் வருடங்களில் நிறையச் செத்துப்போகும். குளிர்காலம் இளகிவர இளகிவரத் தப்பிப் பிழைப்பவை கூடின. ஆனால் காலநிலை கதவைத் திறந்தாலும் உள்ளே இருக்க இடம் வேண்டும். வோல்தம்ஸ்ரோவில் நீர்த்தேக்கங்களுக்கு நடுவே மரமடர்ந்த சின்னத் தீவுகள் இருக்கின்றன. அங்கே சாம்பல் நாரைகள் முன்பே கூடு கட்டியிருந்தன. கொக்கு அவற்றுக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டது.

"அப்ப கிளியும் சூடு கூடினதாலதான் வந்ததோ?" என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். இல்லை. ரிச்மண்டிலும் குரொய்டனிலும் கத்தித் திரிகிற பச்சைக் கிளிகள் கூட்டிலிருந்து தப்பிய, திறந்துவிடப்பட்ட வளர்ப்புக் கிளிகளின் வாரிசுகள். பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்து வழி. குளிர் அவற்றுக்குப் புதிதில்லை. (ஜிமி ஹென்ட்ரிக்ஸ் திறந்துவிட்டார் என்பது நல்ல கதை. கதை மட்டும்தான்.)

எனக்குக் கவலை குருவியைப் பற்றித்தான். கென்சிங்டன் தோட்டத்தில் 1925இல் எண்ணியபோது 2,603 சிட்டுக்குருவிகள் இருந்தன. 2000இல் அதே தோட்டத்தில் 8. லண்டன் முழுக்கப் பார்த்தாலும், 1994க்கும் 2004க்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 60 வீதம் குறைந்துபோனது. யாழ்ப்பாணத்தில் அடைக்கலக் குருவி என்போம், முட்டி கட்டித் தொங்கவிட்டு இடம் கொடுப்போம். மனுசர் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், காடு அதற்கு வேண்டாம். யாழ்ப்பாண வெயிலும் ஸ்கொட்லாந்துக் குளிரும் தாங்குகிற பறவை அது. அப்படியிருக்க லண்டனில் ஏன் குறைந்தது?

ஒரே காரணம் என்று இல்லை. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, லண்டன் குருவிகளிடம் நுளம்பு பரப்புகிற பறவை மலேரியா பரவலாக இருப்பதைக் காட்டியது. ஆனால் இடத்தின் கதையும் பெரியது. பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சு அப்படியில்லை, முதல் நாட்களில் அதற்குப் புழுவும் பூச்சியும் சிலந்தியும்தான் வேண்டும். பூச்சி இருக்கச் செடி வேண்டும். கூரை விளிம்பில் ஓட்டை வேண்டும், ஒளிந்து கொள்ள வேலி வேண்டும்.

இனி எங்கட வீதிகளைப் பாருங்கள், ஹரோ, வெம்பிளி, இல்ஃபோர்ட் எதுவென்றாலும். வீடு வாங்கியதும் முதல் வேலை முன் தோட்டத்தைக் கிண்டிக் கல் பதித்து இரண்டு கார் விடுவது. பின்பக்கம் எக்ஸ்டென்ஷன். மிச்சத்துக்குப் பிளாஸ்டிக் புல், "பிள்ளையள் சேறு மிதிக்காம விளையாடட்டும்" என்று. நாங்கள் மட்டும் செய்வதில்லை, முழு நகரமும் செய்கிறது. வான்படங்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், 1998 முதல் 2008 வரை லண்டன் வீட்டுத் தோட்டங்களில் மறைந்த பசுமை 21 ஹைட் பார்க் அளவு. காரை வீதியில் விடச் சொல்ல எனக்கு மனமில்லை, பெர்மிட் காசு தெரியும். ஆனால் கல்லுக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு முழம் மண் விட்டு ஹோதோர்ன் வேலி நடலாம். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை அதை வெட்டாமல் விடலாம். பிளாஸ்டிக் புல்லைக் கழற்றினால் சேறு வரும்தான், பிள்ளைகளுக்குச் சப்பாத்து இருக்கிறது.

ஜனவரி கடைசி வார இறுதியில் ஆர்.எஸ்.பி.பியின் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு வரும். ஒரு மணித்தியாலம் யன்னலடியில் இருந்தால் போதும், பார்க்கில் இருந்தும் செய்யலாம். குருவி ஒன்றுகூட வராவிட்டாலும் பூச்சியம் என்று எழுதி அனுப்புங்கள், அதுவும் கணக்குத்தான். கூட்டுப்பெட்டி வைக்க நினைத்தால், துவாரம் 32 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கூரைக்குக் கீழே உயரத்தில், நேர் வெயில் படாத பக்கமாக மாட்டுங்கள். ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம். குருவி அக்கம்பக்கம் இல்லாமல் குடியிருக்காது, மூன்றாவது பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.