மாமல்லபுரம் குன்றில் இடி விழும்வரை காத்திருக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

செங்கல்பட்டு மாவட்டத்தில் அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்று வானிலை மையம் சொல்கிறது. தொலைக்காட்சியில் அது கீழ்வரியாக ஓடுகிறது, கைப்பேசிக்கும் வருகிறது. வந்த பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்துக் கோடை மழையும் ஆடி, ஆவணி மழையும் பெரும்பாலும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் கருத்துத் திரண்டு, பொழுது சாயும் நேரத்தில் கடலை நோக்கி வரும். மாமல்லபுரத்தில் கூட்டம் நிறைவதும் அதே சாயங்காலத்தில்தான். கலங்கரை விளக்கம் இருக்கும் மொட்டைப் பாறைக் குன்றில், வெண்ணெய் உருண்டைக் கல்லின் கீழ், கடற்கரைக் கோயிலைச் சுற்றிய வெட்டவெளியில், மணலில் என்று எங்கும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். மேற்கே உறுமல் கேட்டாலும் பலர் அசைவதில்லை. தூறல் விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறார்கள். மின்னல் தூறலுக்காகக் காத்திருப்பதில்லை. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் அது இறங்கும். இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டால் நாம் அது எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம்.

மழை கொட்டியதும் எங்கே ஓடுகிறார்கள்? கிருஷ்ண மண்டபத்துக்கும் வராக மண்டபத்துக்கும் மரத்தடிக்கும் ஓலைக் கொட்டகைக்கும். முன்பக்கம் திறந்த குடைவரை மழைக்கு ஒதுங்க உதவும், மின்னலுக்கு உதவாது. பாறையில் இறங்கிய மின்சாரம் பாறை வழியாகவே பரவும், விளிம்பில் நிற்பவர் மேல் தாவும். மரத்தடி அதைவிட மோசம். நான்கு பக்கமும் சுவர் உள்ள கட்டடம் வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்ட கார், வேன், பஸ். ஷேர் ஆட்டோ இதில் சேராது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. இவ்வளவையும் நுழைவுச்சீட்டின் பின்புறத்திலேயே அச்சிட்டுவிடலாம்.

ஜெய்ப்பூரில் 2021 ஜூலை 11 அன்று நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆமேர் கோட்டைக்கு எதிரே உள்ள காவல் கோபுரத்தில் மழையை ரசித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் மின்னல் தாக்கி 11 பேர் இறந்தார்கள். உயரம், பழைய கல், சுற்றுலாக் கூட்டம், மழைக்கால மாலை. இந்த நான்கில் மாமல்லபுரத்தில் எது இல்லை?

புயல் என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். அதைக் கேட்ட மீனவர் படகை மேலே இழுத்துக் கட்டிவிடுகிறார். இடிக்கு அப்படி ஒரு கூண்டு கிடையாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் சுற்றுலாப் பயணிகள் குறைவாகவே இருப்பார்கள். வயலில் நிற்பவர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களும்தான் அதிகம் சாகிறார்கள். 2025 அக்டோபர் 16 அன்று கடலூர் மாவட்டம் கழுதூரில் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அறிவிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் செத்த பிறகு வருகிற அரசாங்கம் அரை மணி நேரம் முன்னால் வரக் கூடாதா? எங்கள் மாவட்டத்து மதுராந்தகத்திலும் செய்யூரிலும் நடவுக்கு இறங்கும் பெண்களின் கைப்பேசி வரப்பில், சாப்பாட்டுப் பையில் கிடக்கிறது. புனே வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, சுற்றி 20, 40 கிலோமீட்டரில் விழும் மின்னலைக் காட்டுகிறது. நல்ல கருவிதான். சேற்றில் நிற்பவருக்கு அதைக் கோயில் ஒலிபெருக்கியில் யாராவது சொன்னால்தான் உண்டு.

எங்கள் திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையில் இந்திரன் இடியாக வந்து ஈசனை வணங்குகிறான் என்பது ஊர் நம்பிக்கை. நானும் அதில் வளர்ந்தவள்தான். இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தாள் என் பாட்டி, இன்றும் சொல்கிறேன். அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போக வேண்டும் என்றுதான் என் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்னல் பட்டவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று பயந்து தள்ளி நிற்கிறார்களே, அந்தப் பயம்தான் உயிரைக் குடிக்கிறது. அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, 108ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் குன்றடியில் நிற்கும் காவலர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் இந்தப் பயிற்சியை ஒரே நாளில் கொடுத்துவிடலாம்.

மாவட்ட ஆட்சியரும் தொல்லியல் துறையும் உட்கார்ந்து பேசி, எச்சரிக்கை வந்தால் குன்றுப் பாதையையும் கலங்கரை விளக்கத்தையும் மூடச் சொல்லும் பொறுப்பை ஓர் அதிகாரியிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சங்கு ஒன்று ஊத வேண்டும். ஊராட்சிகளின் ஒலிபெருக்கிகளுக்கும், ஏரி வேலை நடக்கும் இடத்துப் பொறுப்பாளர்களுக்கும் அதே நேரத்தில் தகவல் போக வேண்டும். வரும் கோடை மழைக்கு முன் இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருக்கழுக்குன்றம்.