மழைக்கால டென்டும் விற்பவர்களின் வாய்ச்சாலமும்

ஜூன் பிறந்துவிட்டால் என் பேரனின் கைப்பேசியில் விளம்பரங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். மேகத்துக்கு நடுவே டென்ட், ஓடைக்கரையில் டென்ட், மழையைக் கேட்டுக்கொண்டே தூக்கம், ராத்திரி கணப்பு, தலைக்கு இவ்வளவு. போன வாரம் அவன் நண்பர்களோடு கிளம்பத் தயாராக இருந்தான். மழை அதிகமானால் என்னடா செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "தாத்தா, அது 3000 எம்.எம். வாட்டர்ப்ரூஃப் டென்ட். எவ்வளவு மழை பெய்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். எனக்கு வந்த கோபம் அவன் மேல் இல்லை, இப்படிச் சொல்லிக்கொடுத்து முன்பணம் வாங்கியவர்கள் மேல். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

வழக்கமாக இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும், நான் மின்திட்ட ஆய்வுப் பணியில் 1970களில் நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் கூடாரத்தில் கிடந்தவன். அந்தப் பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். நான் சொல்லும் மழை அந்த ஜாதி.

முதலில் அந்த 3000. பேரன் அதை மழையின் அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தான். விற்றவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். புதுத் துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஏற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் துணி கசியத் தொடங்குகிறது என்பதுதான் அந்த எண். 3000 என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் அழுத்தம். 60 கிலோ ஆள் உள்ளே முழங்கால் போட்டு நின்றால், இரண்டு முழங்காலுக்கும் சேர்த்து 100 சதுர சென்டிமீட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும், 600 கிராம் ஆகிறது. கீழே ஈர மண்ணாக இருந்தால் தரைத்துணி கசியத்தான் செய்யும். மேலே உள்ள துணியோ மாதக்கணக்கில் வெயிலில் நின்றே பாதி உயிரை விட்டிருக்கும். தையல்களில் ஒட்டிய பட்டை உரிந்திருக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்த டென்ட் என்றால் உள்பூச்சு பிசுபிசுத்து ஒரு நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் வந்துவிட்டால் டப்பாவில் எத்தனை ஆயிரம் அச்சடித்திருந்தாலும் பயனில்லை.

சரி, துணி நல்ல துணி என்றே வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்தால் அப்போதும் உள்ளே ஈரம் இருக்கும். "ஒழுகுது" என்று பையன்கள் சண்டைக்குப் போவார்கள். நாம் விடும் மூச்சுதான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் ஒரு டம்ளருக்குக் குறையாமல் நீரை வெளியே விடுகிறான். நான்கு பேர் படுத்துக்கொண்டு, குளிர் என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் என்ன ஆகும்? மழையிலும் மேல் வென்டைத் திறந்தே வைக்க வேண்டும். வெளித்துணியும் உள்துணியும் ஒன்றையொன்று தொடாமல் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

நனைந்தால் காய்ந்துகொள்ளலாம். என் வயிற்றெரிச்சல் டென்ட் போடும் இடத்தைப் பற்றியது.

ஓடைக்கரை படத்துக்கு அழகாக இருக்கிறது, அதனால் அங்கே போடுகிறார்கள். மலை ஓடைக்கு உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்ற அவசியமே இல்லை. மேலே ஐந்தாறு மைல் தள்ளிக் காட்டுக்குள் பெய்தால் போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அது பட்டப்பகல், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த இடம். ராத்திரி ஒரு மணிக்கு, ஜிப் போட்ட பைக்குள் தூங்குகிறவனுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? ஜிப்பைத் தேடவே ஒரு நிமிடம்.

எங்கள் கலாசிகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டென்ட் இறக்குமுன் ஓடையோரப் புதர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். கிளைகளில் சருகும் குச்சியும் புல்லும் மாட்டிக்கொண்டிருக்கிறதா, எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தால், போன வெள்ளம் எங்கே வந்தது என்று தெரிந்துவிடும். அதற்கு மேலே, இன்னும் மேலே ஏறித்தான் முளை அடிப்பார்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், சத்தம் மாறினால் சாமானைப் பார்க்காமல் மேட்டுக்கு ஓடு என்பார்கள். ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரென்று வற்றினாலும் அப்படித்தான். மேலே மரமோ மண்ணோ அடைத்திருக்கிறது, உடைத்துக்கொண்டு வரும் என்று அர்த்தம்.

இப்போது இன்னொரு கொடுமை நடக்கிறது. ஜே.சி.பி.யை விட்டு மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் நான்கு டென்ட் போட்டுவிடுகிறார்கள். பார்க்கச் சமதளமாக இருக்கும். வெட்டிய சுவரில் மண்ணைப் பிடிக்க வேர் கிடையாது, வெட்டிய மண்ணையே முன்பக்கம் தள்ளி மேடையாக்கியிருப்பார்கள், அதுவும் இறுகாத மண். மூன்று நாள் மழையில் ஊறினால் பின்சுவர் சரியும், முன்மேடை கீழே போகும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 200 பேருக்கு மேல் போனார்கள். அவர்கள் படுத்திருந்தது கட்டிய வீடுகளில். கான்கிரீட்டே நிற்காத இடத்தில் இரண்டு ஃபைபர் குச்சியை வளைத்து நட்டுவிட்டு "சேஃப் சார்" என்கிறான்.

மரத்தடியும் வேண்டாம். யூகலிப்டஸும் சில்வர் ஓக்கும் மழைக்காற்றில் முன்னறிவிப்பில்லாமல் கிளையை முறித்துப் போடும்.

என் வயதுக்காரர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. "டென்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டு, மழை வந்தால் கயிற்றைத் தளர்த்து" என்று இன்னமும் பேரன்களுக்குப் பாடம் நடத்துகிறீர்கள். நம்முடையது பருத்தி கான்வாஸ், பருத்திக் கயிறு. நனைந்தால் சுருங்கும், தளர்த்தாவிட்டால் முளையைப் பிடுங்கிவிடும். இன்றைய நைலான் துணி நேர்மாறு, நனைந்தால் தொய்யும். படுக்குமுன் இன்னொரு தடவை இழுத்துக் கட்ட வேண்டும். நாம் பள்ளம் தோண்டியது ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருந்ததால். ஒரு ராத்திரிக்குப் பள்ளம் கேட்கிற இடம் டென்டுக்கு ஏற்ற இடமே இல்லை, பத்தடி தள்ளி மேட்டில் போட்டுக்கொள்ளலாம். சரிவில் வீணாக மண்ணைக் கிளறுவானேன்?

கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்டின் அடியளவைவிடச் சற்று சிறியதாக இருக்க வேண்டும். "நல்லதுதானே" என்று பெரிதாக விரித்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழையை வாங்கி நேராகப் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து விடும். கொட்டும்போது டென்ட் போட நேர்ந்தால் முதலில் ஒரு தார்ப்பாயை உயரமாகக் கட்டி, அதற்கடியில் நின்று மற்றதைச் செய்ய வேண்டும். பிரிக்கும்போது உள்துணி முதலில் உலர்ந்த பைக்குள், நனைந்த வெளித்துணி கடைசியாக வேறு பையில். வீட்டுக்கு வந்த அன்றே மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். ஒரு ஜோடி உடுப்பைக் கெட்டியான பாலிதீன் பையில் கட்டி, படுக்கும் நேரம் வரை தொடவே கூடாது. ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் மலையில் காயாது, பத்து டிகிரி குளிரிலேயே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நடுக்கத்தோடு ஒருவனுக்கு நாக்குக் குழறினால், நடை தடுமாறினால் கேலி செய்துகொண்டிருக்காமல் ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததை உடுத்தி, கம்பளியில் சுற்றி, சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். "ஒரு பெக் போட்டா சூடாயிடும்" என்பது சுத்தப் பொய். மது தோலுக்கு ரத்தத்தை வரவழைத்து உள்சூட்டை வெளியே விடும். மீன் வறுத்த கரிச்சட்டியைக் குளிருக்கு டென்டுக்குள் இழுத்து வைப்பதும் அப்படித்தான். அந்தப் புகையில் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

பிள்ளைகளைப் பயமுறுத்துகிறாயே, வீட்டிலேயே பூட்டி வைக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கான்வாஸ் மேல் மழை விழும் சத்தத்தில் தூங்கிய தூக்கம் எனக்கு அப்புறம் எந்த மெத்தையிலும் வாய்த்ததில்லை. பேரனையும் அனுப்பத்தான் போகிறேன். ஆனால் பணம் கட்டுமுன் பெரியவர்கள் யாராவது ஒருவர் போனைப் போட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும். டென்ட் ஓடையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்? அந்தத் தளம் இயற்கையான சமதளமா, வெட்டியதா? ராத்திரி மழை வலுத்தால் எல்லாரையும் ஏற்றிக்கொள்ளக் கூரையுள்ள கட்டடம் பக்கத்தில் இருக்கிறதா, அங்கே நடந்து போகும் வழியில் ஓடை குறுக்கிடுகிறதா? ராத்திரி விழித்திருக்கும் உங்கள் ஆள் யார்? எச்சரிக்கை வந்தால் ரத்து செய்து பணத்தைத் தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அதைத் தராதவன்தான் கொட்டுகிற மழையிலும் "வாங்க சார், சின்னத் தூறல்தான்" என்பான்.

என் பேரன் போக இருந்த இடத்துக்கு நானே பேசினேன். முதல் கேள்விக்கு, "தண்ணியிலேயே கால் வெச்சுக்கலாம் சார், அவ்வளவு பக்கம்" என்றார் பெருமையாக. மற்றக் கேள்விகளைக் கேட்கவில்லை. கட்டிய 1500 ரூபாய் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.