மண்கரையை விட்டுக்கொடுக்காதீர்!

புனே வாழ் தமிழ்த் தோழர்களே! கட்கியில் வாழும் தோழர்களே, ராஸ்தா பேட்டைத் தோழர்களே, ஹிஞ்சவாடியில் கணினி முன் அமர்ந்திருக்கும் தோழர்களே! எழுந்து வாருங்கள். புனே நகரின் ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

முளா, முட்டா ஆறுகள் நெடுக 44 கிலோமீட்டர். சுமார் 4,700 கோடி ரூபாயில் ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம். 2022 மார்ச் 6-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அகமதாபாத்தின் சபர்மதிக் கரைக்கு வரைபடம் போட்ட அதே நிறுவனம்தான் இதற்கும் போட்டது. நடக்க நமக்குப் பாதை உண்டு. சைக்கிள் விட நமக்குப் பாதை உண்டு. மீன்கொத்திக்கு என்ன உண்டு?

மீன்கொத்தி மரத்தில் கூடு கட்டுவதில்லை, தோழர்களே. செங்குத்தான மண்கரையில் அலகால் குத்திக் குத்தி வளை தோண்டும். அந்த வளைக்குள்தான் முட்டை, அங்கேதான் குஞ்சு. பஞ்சுருட்டானும் அப்படித்தான். கரையில் கல் பதித்து விட்டால் அலகு எங்கே இறங்கும்? நெடுங்கால் உள்ளானுக்குக் கணுக்கால் அளவுச் சேறு வேண்டும். புள்ளிமூக்கு வாத்துக்குப் புல் மறைவு வேண்டும். திட்டம் தீட்டும் மேசையில் இவற்றுக்காகப் பேச யார் இருந்தார்கள்? இனி நாம் இருப்போம். நாம் பேசுவோம்.

எரவாடா அருகே பறவையியலாளர் சாலிம் அலி பெயரில் ஒரு பறவைக் காடு இருக்கிறது. சரணாலயம் என்றுதான் ஊரே அழைக்கிறது. சட்டப்படி அது சரணாலயமாக அறிவிக்கப்படவே இல்லை. காகிதக் காவல்கூட இல்லாத இடம் அது. நாம்தான் காவல்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டியபோது பேசாமல் இருந்தோம். சதுப்பில் கட்டடம் எழும்பியபோது பேசாமல் இருந்தோம். 2015 டிசம்பரில் அதையொட்டிய வேளச்சேரி மூழ்கியது. இங்கே புனேயில் 2024 ஜூலை 25-இல் கடக்வாஸ்லா அணையிலிருந்து திறந்த தண்ணீர் ஏக்தா நகரி வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றின் இடத்தைப் பிடுங்கினால் முதலில் பறவை போகும். அடுத்து ஏழையின் வீடு போகும்.

புனே மக்கள் எழுந்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில், இத்திட்டத்துக்காக வெட்டவிருந்த மரங்களைக் காக்க ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். 2025 பிப்ரவரியில் ராம்நதி முளாவில் கலக்கும் இடத்தில் மீண்டும் திரண்டார்கள். பாட்டிகள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். நாம் எங்கே இருந்தோம், தோழர்களே?

வெளியூர்க்காரர் நமக்கேன் வம்பு என்று சொல்லாதீர்கள். இந்த ஆற்று நீரைக் குடித்து வாழ்கிறோம். இது நம் ஆறு.

மரத்தை வெட்டுமுன் அதன் தண்டிலேயே அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆட்சேபனைக்கு ஏழு நாள். ஏழே நாள்! மராத்தி படிக்க வராதா? தெரிந்த தோழரை அழைத்துப் போங்கள். படம் எடுங்கள். மனு எழுதுங்கள். மாநகராட்சியில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஒருவர் கொடுத்தால் கோப்பில் தூங்கும். ஐந்நூறு பேர் கொடுத்தால் தூங்காது.

கேளுங்கள்: சாக்கடையை முதலில் சுத்திகரி! கரையை மண்ணாகவே விடு! நிற்கும் மரத்தை நிற்க விடு!

வரும் ஞாயிறு விடியற்காலை கரையில் நில்லுங்கள். தனியாக வராதீர்கள். பக்கத்து வீட்டாரையும் இழுத்து வாருங்கள்.