கரணமடிக்கக் கற்பிக்கும் விமானம்

ஆகாயத்தில் விமானம் கரணமடிப்பதை ஜனங்கள் வெறும் வேடிக்கையாகவே கருதுகிறார்கள். இது பெரும் பிசகு. வேகம் குன்றி, இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்து, விமானம் பம்பரம்போல் சுழன்று கீழே பாயும் சில விநாடிகளில் செய்ய வேண்டியதை அறிந்தவனே பூரண விமானி. அந்த அறிவைப் புஸ்தகம் தராது. தறியில் உட்காராமல் நெசவு கற்றவன் எவனும் உண்டா என்று நம் காஞ்சி வட்டாரத்து நெசவாளியைக் கேளுங்கள். ஆசிரியரும் மாணவனும் ஏறி, இருவரும் செலுத்தக்கூடியதாயும், கரணங்களின் வேகத்தைத் தாங்கும் உறுதியுள்ளதாயும் அமைந்த இரண்டு ஆசனச் சிறு விமானமே அந்தத் தறி.

இக்கல்வி யுத்த விமானிக்கு மட்டும் உரியதன்று. 2009 ஜூன் முதல் தேதியன்று அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்த பிரெஞ்சுப் பிரயாண விமானத்தில் 228 பேர் மாண்டனர். இறக்கைகள் சக்தி இழந்ததை உணராமல், விமானிகள் அதன் மூக்கை மேலே தூக்கிக்கொண்டிருந்தது அவ்விபத்தின் காரணங்களில் ஒன்று.

இத்துறையில் நம் தேசம் பின்தங்கிப் பிறந்ததா? இல்லை. சுதந்திரம் பெற்ற நான்கே ஆண்டுகளில், 1951 ஆகஸ்டில், ஸ்ரீ வி. எம். காட்கே வகுத்த எச்.டி.-2 பெங்களூரில் பறந்தது. 155 குதிரைச் சக்தியுள்ள எஞ்சினுடன் சகல கரணங்களும் போட்ட அவ்விமானத்தை ஆப்பிரிக்காவின் கானாவும் ஏற்றது. அடுத்து வந்த எச்.பி.டி.-32 எஞ்சின் கோளாறுகளால் துன்பமே தந்தது. 2009 ஜூலையில் இரண்டு விமானிகள் அதில் மாண்டபின், அது பறப்பது நிறுத்தப்பட்டது. 2012-ல் சுவிட்ஜர்லாந்திடம் 75 பயிற்சி விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தோம். தாய்நாட்டில் தொடங்கிய வித்தைக்கு அந்நியரிடம் கையேந்தினோம்!

பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை மனந்தளரவில்லை. அதன் எச்.டி.டி.-40 விமானம் 2016 மே 31-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. வலமும் இடமும் ஆறாறு சுற்றுச் சுழன்று மீளும் கடும் பரீட்சையிலும் அது தேறியது. 2023-ல் சர்க்கார் 70 விமானங்களுக்கு உத்தரவிட்டனர். இது பெருமைக்குரியதே, எனினும் அதன் எஞ்சின் அமெரிக்காவினுடையது என்பதை மறக்கலாகாது.

ஆனால் சுமார் 950 குதிரைச் சக்தியுள்ள அவ்விமானம் விமானப் படைக்கானது. பறக்கும் சங்கங்களில் பயிலும் சாதாரண மாணவனுக்கு அது எட்டாது. பெங்களூர் ஆராய்ச்சிசாலையின் ஹன்ஸா இரண்டு ஆசனமுள்ளதுதான். எனினும் கரணம் போடுவதற்காக அமைந்ததன்று. எச்.டி.-2 நின்ற இடம் இன்று காலியாயிருக்கிறது.

நம் தென்னேரிக்குக் கிழக்கேயுள்ள தாம்பரத்தில், பறக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் விமானப் படைப் பள்ளி 1954 முதல் இருந்து வருகிறது. ஆசான்கள் உண்டு, மாணவர்களும் உண்டு, எளிய விமானந்தான் இல்லை. தேவை சொற்பம், லாபம் கிட்டாது என்று சிலர் வாதிப்பார்கள். சமுத்திரத்தில் மூழ்கிய உயிர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? கரணத்துக்கு ஏற்ற சிறு விமானமொன்றை இங்கேயே செய்யச் சர்க்கார் பொருள் ஒதுக்க வேண்டும். சுழலிலிருந்து மீளும் பயிற்சியை ஒவ்வொரு மாணவனுக்கும் கட்டாயமாக்க வேண்டும். 1951-ல் நம்மால் முடிந்தது இன்று முடியாதென்று சொல்ல யாருக்கும் வாயில்லை.