கிரிவலம் சென்ற கால்கள்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அதனை வெறுங்காலுடன் வலம் வந்த பெரியவர்கள், அஷ்ட லிங்கங்களையும் தரிசித்த நிறைவோடு வீடு திரும்பி, கால்களைக் கழுவிக்கொண்டு படுத்துவிடுகின்றனர். குதிகால் வெடிப்பில் குத்திய சிறு கல்லையோ, விரலிடுக்கில் உரிந்த தோலையோ அன்று எவரும் பார்ப்பதில்லை. நீரிழிவினால் கால் மரத்துப்போனவருக்கு அது வலிப்பதும் இல்லை.

இரண்டொரு நாளில் அவ்விடம் வீங்கிச் சிவக்கிறது, சீழ் கோக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாக்கள். இவை பலருடைய தோலிலும் மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றிக் குடியிருப்பவையே. தோலாகிய மதிலில் விரிசல் கண்டால்தான் உள்ளே புகுகின்றன. ஆறாத சேற்றுப்புண்ணும் அத்தகைய விரிசலே.

சிறு புண்ணாயின், சோப்பும் குழாய் நீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, மருத்துவர் கூறும் களிம்பைப் பூசி மூடிவைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். கொப்புளத்தைப் பிதுக்குதல் கூடாது. மஞ்சள்தூள், காப்பித்தூள், திருநீறு ஆகியவற்றை அப்புவதும் கூடாது. திருநீறு நெற்றிக்கு உரியது. பலர் கைபட்ட பொடி எதுவாயினும் திறந்த புண்ணுக்கு உரியதன்று. இதனைக் கேட்டு மனம் வருந்தும் பாட்டிமார் உண்டு. ஆயினும் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

புண் பரவுகிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு வரைய வேண்டும். சிவப்பு அக்கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ கண்டாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருநிற மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. வீக்கம், சூடு, பளபளப்பு ஆகியவற்றையே கவனிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் கோட்டுக்காகவும் காத்திருத்தல் ஆகாது. காலில் புண் கண்ட அன்றே காட்டிவிடுவது நல்லது. மருத்துவர் ஐந்து நாள்களுக்கு மாத்திரை தந்தால், மூன்றாம் நாள் வலி நின்றுவிட்டது என்று மீதியை அலமாரியில் வைத்துவிடுவோர் பலர். அந்த மீதியும் சிகிச்சையே.

குனிந்து பாதத்தைப் பார்க்க இயலாதவர்கள், இரவில் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பார்க்கலாம். கண்பார்வை மங்கியிருந்தால், பேரப்பிள்ளையை அழைத்து விரலிடுக்குகளைப் பார்க்கச் சொல்லலாம்.