உங்கள் வீட்டு வார்ட்ரோபும் 50 லட்ச ரூபாய் வரம்பும்: சைனிக்புரி கார்பென்டர் எந்தச் சட்டத்தில் வருகிறார்?

ஹைதராபாத்தின் வடகிழக்கில், முன்னாள் ராணுவத்தினருக்காக உருவான குடியிருப்பு சைனிக்புரி. பெரிய மனையும் மாமரமுமாக இருந்த தனி வீடுகள் பல இன்று அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. ஐ.டி. வேலைக்கு வந்து அங்கே ஃபிளாட் வாங்கிய தமிழர் நீங்கள் என்றால், சாவி கைக்கு வந்த வாரமே ஒரு கார்பென்டரிடம் பேசியிருப்பீர்கள். "20 நாள்ல முடிச்சுடலாம் சார்" என்றிருப்பார். முடிந்திருக்காது.

அவரை ஏமாற்றுக்காரர் என்று திட்டுவதற்கு முன்னால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

உங்களிடம் அவர் கேட்பது பெரும்பாலும் நாள் கூலி அல்ல, சதுர அடி ரேட். 7 அடி அகலம், 7 அடி உயர வார்ட்ரோப் என்றால் 49 சதுர அடி. முன்பக்கத்தை மட்டும்தான் அளப்பார்கள். உள்ளே இரண்டு தட்டு வைத்தாலும் ஆறு டிராயர் வைத்தாலும் அளவு அதே 49தான். பாதி வேலையில் "இங்க இன்னொரு டிராயர் போட்டுடுங்க பையா" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வது, தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அவருடைய பணம்.

நேரமும் அப்படித்தான். பல அசோசியேஷன்களில் சத்தம் வரும் வேலைக்குக் காலை 10 மணிக்கு மேல்தான் அனுமதி, மாலை 5 அல்லது 6 மணிக்கு நிறுத்தியாக வேண்டும், ஞாயிறு கிடையாது. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் இடத்தில் இது நியாயமான விதிதான். ஆனால் சதுர அடிக்கு வேலை செய்பவருக்கு, மெஷின் ஓடாத ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். லேமினேட் வந்து சேராத நாளும் அவர் கணக்கில்தான் போகும். அதனால்தான் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வீடுகளை ஒப்புக்கொள்கிறார். உங்கள் 20 நாள் 40 நாளாவது பெரும்பாலும் இங்கேதான்.

சரி, விபத்து நடந்தால்?

பலகையில் திருப்பிப் பொருத்திய, தடுப்பு கழற்றிய ரம்பத்தில் விரல் போவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் இருக்கிறது. மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990களிலேயே வகைப்படுத்திவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு பிளைவுட் அறுக்கும் அறையில் அவர் முகத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கைக்குட்டை.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் தனிச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ் வசூலித்து, நல வாரியம் மூலம் உதவி தருவது ஏற்பாடு. சொந்த வீட்டுக்கு 10 லட்ச ரூபாய்க்கு உட்பட்டு வேலை செய்யும் தனிநபருக்கு அதில் விலக்கு இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்திவிட்டது. ஒரு ஃபிளாட்டின் இன்டீரியர் வேலை எதுவும் கிட்டத்தட்ட அதைத் தாண்டாது.

செஸ் இல்லை என்பதோடு விஷயம் நிற்கவில்லை. வாரியத்தில் பதிய, 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர் முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். எது 'கட்டுமான வேலை' என்ற வரையறையிலிருந்தே 50 லட்சத்துக்கு உட்பட்ட சொந்த வீட்டு வேலையையும், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் செய்யும் வேலையையும் புதிய சட்டம் வெளியே வைக்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், உங்கள் வீட்டில் அவர் உழைத்த 40 நாளும் அந்தத் தொண்ணூறில் சேராது. நடைமுறையில் மாநில விதிகளும் அதிகாரிகளும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஆனால் ஒரு தொழிலாளியின் உரிமை அதிகாரியின் தாராளத்தை நம்பி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்போ விஸ்வகர்மா திட்டம்?

2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சு உண்டு. கருவிகளுக்கு 15,000 ரூபாய், பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சமும் பிறகு 2 லட்சமும் கடன். குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று சொல்லி தமிழ்நாடு அரசு இதை ஏற்காமல், கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது நினைவிருக்கும். அந்த விவாதம் முக்கியமானதுதான். ஆனால் இரண்டுமே முதன்மையாகக் கடனும் பயிற்சியும் தருபவை, விரல் போனால் யார் பொறுப்பு என்பதைத் தீர்ப்பவை அல்ல.

ராஜஸ்தான், பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து, வேலை நடக்கும் வீட்டிலேயே இரவு தங்குபவருக்கு இன்னொரு சிக்கல். உங்களிடம் ஒப்பந்தம் பேசுபவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர். காயம்பட்டவரின் பெயரே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. டிராயர் எண்ணிக்கை உட்பட எல்லாவற்றையும் எழுதி ரேட் பேசுங்கள். பேசிய தொகையில் விபத்துக் காப்பீட்டு பிரீமியத்தையும் சேருங்கள். 20 ரூபாய் ஆண்டு பிரீமியத்தில் 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு வங்கிக் கணக்கு இருந்தாலே போதும். தினமும் வருகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்து, வேலை முடிந்ததும் எத்தனை நாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாரியத்தில் பதியப் போகும்போது அவரிடம் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.